ரத்த அறிக்கையில் சிவப்புக் குறி

கேள்வி: நான் திருநம்பி. அரசு மருத்துவமனையில் 8 மாதமாக டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடுகிறேன். பதிவில் இன்னும் 'பெண்' என்றுதான் இருக்கிறது. ஹீமோகுளோபின் 16.2, அதிகம் என்று அறிக்கை வந்ததும் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தலாமா?

பதில்: அந்தக் குறி பெண்களுக்கான அளவை வைத்துக் கணினி போட்டது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும். சில மாதங்களில் அளவு ஆண்களுக்குரிய வரம்புக்கு ஏறிவிடும். 16.2 அந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆண்களுக்கான அளவோடு ஒப்பிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை பரிசோதனைச் சீட்டிலேயே 'டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில்' என்று எழுதி வாங்குங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. அது 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் அபாயம் உண்டு; அப்போது மருந்தளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்திவைப்பார்கள். புகைத்தால் இன்னும் ஏறும். முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். ஹார்மோன் அளவுக்கான ரத்தத்தை இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில் கொடுங்கள். ஊசி போட்ட மறுநாளே கொடுத்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து, தேவையில்லாமல் மருந்தைக் குறைத்துவிடுவார்கள்.

பதிவை 'ஆண்' என்று மாற்றினால் இன்னொரு சிக்கல்: கருப்பை வாய் இருக்கும்வரை புற்றுநோய்ப் பரிசோதனை தேவை, ஆனால் நினைவூட்டல் வராமல் போகலாம். நீங்களே கேட்டு வாங்குங்கள்.