நகரசபையின் ஆணையை எதிர்ப்பது எப்படி? கடிதத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

கேள்வி: ஜேர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில் சிறிய காய்கறிக் கடை வைத்திருக்கிறோம். கடை வாசலில், நடைபாதையில் தட்டுகள் அடுக்குவதற்கு நகரசபை அனுமதி தந்திருந்தது. அது முடிய இன்னும் ஓராண்டு இருக்கும்போதே இரத்துச் செய்து, உடனே அகற்றும்படியும் தவறினால் பணம் கட்ட வேண்டிவரும் என்றும் மஞ்சள் உறையில் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். உறையில் தபாற்காரர் எழுதிய திகதி மார்ச் 10. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அண்ணா, "நகரசபைக்கு ஒரு வீடர்ஷ்ப்ருக் எழுதிப்போடு, போதும்" என்கிறார். அது சரியா? சட்டத்தரணி இல்லாமல் நீதிமன்றம் போக முடியுமா? இன்னொன்று: கணவரின் குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதினான்கு மாதங்களாகப் பதிலே இல்லை. அதற்கும் வழி உண்டா?

பதில்: உங்கள் அண்ணா சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நகரசபை ஆணையை எதிர்ப்பவர் முதலில் அந்த அலுவலகத்துக்கே வீடர்ஷ்ப்ருக் என்ற ஆட்சேபத்தை அனுப்ப வேண்டும். அது நிராகரிக்கப்பட்ட பிறகுதான் நீதிமன்றம். உங்கள் மாநிலம் 2007இல் பெரும்பாலான விடயங்களில் அந்தப் படியையே எடுத்துவிட்டது. பவாரியாவும் அப்படித்தான். அதனால் நீங்கள் நகரசபைக்கு எவ்வளவு அழகாக ஆட்சேபம் எழுதினாலும் நீதிமன்றக் கெடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய ஆட்சேபத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாக ஒரு பதில் வரும்போது ஆணை இறுதியாகியிருக்கும். பிறகு உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் நீதிபதி அதற்குள் போகவே மாட்டார்.

எந்த மாநிலத்தில் எந்த வழி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ரெஷ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங் என்ற நீண்ட தலைப்பின் கீழ் ஒரு பத்தி இருக்கும். எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதை அலுவலகமே அதில் எழுதியிருக்கும். எனக்கு யாராவது அரசுக் கடிதத்தைக் காட்டினால் நான் முதலில் படிப்பது அதைத்தான். அந்தப் பத்தி இல்லாவிட்டாலோ தவறாக எழுதப்பட்டிருந்தாலோ கெடு ஓராண்டாக நீளும் என்பது நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு. ஆனால் தவறா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கெடு ஒரு மாதம். மஞ்சள் உறையைப் பொறுத்தவரை, கடிதம் பெட்டிக்குள் விழுந்த நாளே அது கையளிக்கப்பட்ட நாள். நீங்கள் ஊரில் இல்லாமல் பிறகு பிரித்திருந்தாலும் கணக்கு மாறாது. மார்ச் 10 என்றால் ஏப்ரல் 10 நள்ளிரவுக்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட திகதி கணக்கில் வராது, போய்ச் சேர்ந்த திகதிதான் வரும். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையானால் அடுத்த வேலைநாள் வரை நீளும். இடையில் அதிகாரியோடு தொலைபேசியில் பேசுவது, மேயருக்கு எழுதுவது, மேலதிகாரியிடம் முறைப்பாடு செய்வது எதுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. மேலதிகாரிக்கு எழுதும் முறைப்பாட்டைப் பற்றி ஜேர்மன் சட்டத்தரணிகளே கேலியாகச் சொல்வதுண்டு: படிவம் இல்லை, கெடு இல்லை, பலனும் இல்லை.

சட்டத்தரணி இல்லாமல் போக முடியும். ஃபெர்வால்டுங்ஸ்கெரிஷ்ட் எனப்படும் நிர்வாக நீதிமன்றத்தில், முதல் கட்டத்தில், நீங்களே வாதாடலாம். உங்கள் மாநிலத்தில் ஆகன், ஆர்ன்ஸ்பெர்க், டுசெல்டோர்ஃப், கெல்சென்கிர்ஷன், கொலோன், மின்டன், மியூன்ஸ்டர் என ஏழு இடங்களில் அது இருக்கிறது. உங்களுக்கு உரியது எது என்பது கடிதத்திலேயே இருக்கும். யார் வழக்காளி, யாருக்கு எதிராக, எந்தத் திகதியிட்ட ஆணை, அதை இரத்துச் செய்யக் கோருகிறேன் என்ற நான்கு விடயங்களை ஜேர்மன் மொழியில் எழுதிக் கையொப்பமிட்டு, ஆணையின் பிரதியை இணைத்தால் வழக்கு தொடங்கிவிடும். விரிவான காரணங்களைப் பின்னர் தரலாம். சாதாரண மின்னஞ்சல் செல்லாது. கையொப்பமிட்ட கடிதம், தொலைநகல் இரண்டும் செல்லும். எழுதத் தயக்கமென்றால் நீதிமன்றத்துக்கு நேரில் போனால் அங்குள்ள அலுவலரே நீங்கள் சொல்வதை எழுதிப் பதிவு செய்வார். அவர் சட்ட ஆலோசனை தரமாட்டார். வழக்காளி, அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். கடை கணவர் பெயரில் இருந்து நீங்கள் கையொப்பமிட்டால் முதல் பக்கத்திலேயே சிக்கல் வரும்.

வழக்குப் போட்டதும் தட்டுகளை அகற்றாமல் இருக்கலாமா? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பொதுவிதி உங்களுக்குச் சாதகமானது: ஓர் ஆணையை எதிர்த்து உரிய முறையில் வழக்குப் போட்டாலே, அந்த ஆணை நிறுத்திவைக்கப்படும். அதே நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நகரசபைகளுக்கும் இது தெரியும். அதனால்தான் கடிதத்தில் சோஃபோர்டிகே ஃபொல்ட்சீஉங் என்ற சொற்களைச் சேர்க்கிறார்கள். பொதுநலன் கருதி ஆணை உடனே நடைமுறைக்கு வரும், வழக்கு அதைத் தடுக்காது என்பது அதன் பொருள். "உடனே" என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்கள் கடிதத்திலும் அது இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் வழக்கோடு சேர்த்து இரண்டாவது மனு ஒன்று தேவை: வழக்கின் தடுக்கும் விளைவை மீட்டுத் தரும்படி 80(5)இன் கீழ் கேட்கும் அவசர மனு. தவறினால் பணம் கட்ட வேண்டிவரும் என்ற மிரட்டலுக்கு உங்கள் மாநிலத்தில் வழக்கு தானாகத் தடையாகாது. அதையும் இதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை தட்டுகளை உள்ளே வைப்பதே புத்திசாலித்தனம்.

அவசர மனுவில் வெல்ல இரண்டு வழிகள் உண்டு. உடனே நடைமுறைப்படுத்துவதற்கு நகரசபை தனியாக, எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். எல்லாக் கடிதங்களிலும் ஒட்டும் பொதுவாக்கியம் மட்டும் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். ஆனால் நீதிமன்றம் பெரும்பாலும் அடுத்த கேள்விக்கே போகும்: மேலோட்டமாகப் பார்த்தாலே இந்த ஆணை சட்டத்துக்குப் புறம்பானதாகத் தெரிகிறதா?

அனுமதிக் காலம் முடிந்து, புதுப்பிக்க மறுத்திருந்தால் இந்தப் பாதை உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்ததைப் பறிக்கும்போதுதான் 80ஆம் பிரிவு. கேட்டதைத் தர மறுத்தால் 123ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும், அது கிடைப்பது இன்னும் கடினம்.

இனி நியாயத்துக்கு வருவோம். நடைபாதை அனுமதி நகரசபையின் விருப்புரிமைக்கு உட்பட்டது. நீதிபதி நகரசபையின் இடத்தில் அமர்ந்து "எனக்கு இது அழகாகத் தெரிகிறது" என்று தீர்ப்பளிக்க மாட்டார். விருப்புரிமையின் எல்லை மீறப்பட்டதா, சட்டத்தின் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டதா என்றுதான் பார்ப்பார். ஆகவே கடிதத்தில் தரப்பட்ட காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் அகலம், சக்கர நாற்காலிகளும் குழந்தை வண்டிகளும் போகும் வழி, தெருவின் தோற்றம் போன்றவை தெருவோடு தொடர்புடைய காரணங்கள், அவை நிற்கும். பக்கத்துக் கடைக்காரருக்குப் போட்டி என்பது நிற்காது. அதே தெருவில் மற்றவர்களுக்கு அனுமதி தொடர்கிறது என்றால் திகதியோடு படம் எடுத்து வையுங்கள், அகலத்தை அளந்து எழுதுங்கள். கடிதத்துக்கு முன் உங்கள் கருத்தைக் கேட்காதது தவறுதான், ஆனால் அதை வழக்கு நடக்கும்போதே நகரசபை சரிசெய்துவிடலாம். அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். நகரசபையின் கோப்பைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. யார் முறைப்பாடு செய்தார், அதிகாரி உள்ளே என்ன குறிப்பு எழுதினார் என்பதெல்லாம் சில வேளைகளில் அதில் கிடைக்கும். இந்த நீதிமன்றம் உண்மைகளைத் தானாகவும் விசாரிக்கும் என்பதால் சாதாரண மனிதருக்கு இது சிவில் வழக்கைவிடச் சற்று இலகுவானது.

செலவைப் பற்றி: நீதிமன்றக் கட்டணத்தை வழக்குத் தொடங்கும்போதே கட்ட வேண்டும். தோற்பவர் செலவை ஏற்பார். வருமானம் குறைவென்றால் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அவசர மனு தோற்று, வழக்கும் தேறாது என்று தெரிந்தால் உரிய நேரத்தில் திரும்பப் பெறுங்கள், கட்டணம் மூன்றில் ஒன்றாகக் குறையும். என் கருத்து: அவசர மனுவுக்கு மட்டுமாவது நிர்வாகச் சட்டத்தில் தேர்ந்த சட்டத்தரணியைப் பிடியுங்கள். கடையின் வருமானம் அந்த மனுவில் தங்கியிருக்கிறது.

உங்கள் கணவரின் விடயம் எளிது. விண்ணப்பித்து மூன்று மாதங்கள் கடந்தும் போதிய காரணமின்றி முடிவு வராவிட்டால், மௌனத்துக்கு எதிராகவே வழக்குப் போடலாம். இதற்கு உன்டேடிஷ்கைட்ஸ்கிளாக என்று பெயர். எல்லா ஆவணங்களையும் கொடுத்த பின்னும் அலுவலகம் "வேலை அதிகம்" என்றால், அது நிரந்தர நிலையாக இருக்கும்போது நீதிமன்றங்கள் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. வழக்குப் போடும்போது முடிவை எதிர்பார்க்க அவருக்கு நியாயம் இருந்திருந்தால், செலவு அலுவலகத்தின் தலையில்தான் விழும் என்று 161ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரி பழிவாங்குவாரோ என்று நம்மவர்கள் அஞ்சுவதுண்டு. இத்தகைய வழக்குகள் அவர்களுக்குப் புதிதல்ல, கோப்பு மேலே வருவதே பெரும்பாலும் பலன். ஆனால் இவ்வழக்கு விண்ணப்பத்தை விரைவுபடுத்துமே தவிர, தகுதியை உண்டாக்காது. மொழிச் சான்றிதழோ வருமான ஆதாரமோ குறைந்தால் விரைவாகக் கிடைப்பது மறுப்பாகவே இருக்கும். எனவே முதலில், கேட்டவையெல்லாம் கொடுத்தாயிற்று என்பதைக் குறிப்பிட்டு, நான்கு வாரத்துக்குள் முடிவு தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிரதியையும் ரசீதையும் வழக்கோடு இணைக்க வேண்டியிருக்கும்.