காசிமேட்டு மீன் டெலிவரி தொடங்கும் முன் ஆன்லைன் சர்வே எடுப்பது எப்படி? எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

கேள்வியின் சுருக்கம்: ஒரு வாசகர், வட சென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய மீனைச் சுத்தம் செய்து வீட்டுக்கே கொடுக்கும் தொழில் தொடங்க நினைக்கிறார். அதற்கு முன் கூகுள் ஃபார்மில் சர்வே எடுக்க வேண்டும். என்ன கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது என்கிறார்.

ஃபார்மைத் திறக்கும் முன், சர்வே முடிந்ததும் எதையெல்லாம் முடிவு செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தொழிலுக்கு அவை நான்கு: முதலில் எந்த ஏரியா, எந்தெந்த மீன், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு டெலிவரி, என்ன விலை. இந்த நான்கில் எதையும் மாற்றாத கேள்வியைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். செல்போனில் 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். 10, 12 கேள்வியைத் தாண்டினால் பலர் நடுவில் விட்டுவிடுவார்கள். மிச்சப் பேர் கைக்கு வந்ததை அழுத்திவிட்டுப் போவார்கள்.

இப்போது கேள்விகள். பெரும்பாலும் எல்லோரும் முதலில் போடுவது இது: "ஃப்ரெஷ்ஷான மீனைச் சுத்தம் செய்து நியாயமான விலையில் வீட்டுக்கே கொண்டுவந்தால் வாங்குவீர்களா?" இதற்கு யார் இல்லை என்பார்கள்? ஒரே கேள்விக்குள் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. எதற்கு ஆமாம் சொன்னார் என்று பிரிக்கவே முடியாது. அதைவிடப் பெரிய குறை, இனிமேல் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. அது ஆசையை அளக்குமே தவிரப் பழக்கத்தை அளக்காது. நடந்ததைக் கேளுங்கள்:

"உங்கள் வீட்டில் கடைசியாக மீன் வாங்கியது எப்போது?" பதில்கள்: கடந்த 7 நாட்களுக்குள், 8 முதல் 30 நாட்களுக்குள், அதற்கும் முன்பு, வீட்டில் மீன் வாங்குவதில்லை.

அதன் பிறகு அந்தக் கடைசித் தடவையைப் பற்றி மட்டுமே கேளுங்கள். எங்கே வாங்கினீர்கள் (காசிமேடு, ஏரியா மார்க்கெட், தெருவில் வரும் மீன்கார அம்மா, கடை, ஆப்), என்ன மீன், மொத்தம் எவ்வளவு ரூபாய், யார் போய் வாங்கி வந்தது, யார் சுத்தம் செய்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காசிமேட்டில் வாங்குபவர்களில் பலர் அங்கேயே காசு கொடுத்து வெட்டிச் சுத்தம் செய்துதான் எடுத்துவருகிறார்கள். பதில்களில் அது அதிகமாக வந்தால், நீங்கள் விற்க வேண்டியது சுத்தம் செய்வதை அல்ல, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து போகிற அலைச்சல் இல்லை என்பதை.

ஃபார்முக்கு "மீன் டெலிவரி சர்வே" என்று தலைப்பு வைக்காதீர்கள். மீன் பிரியர்கள் மட்டும் திறப்பார்கள். திறந்தவர்களும் உங்களுக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்வார்கள். "வீட்டுக்கு உணவுப் பொருட்கள் வாங்கும் பழக்கம்" என்பது போலப் பொதுவாக வையுங்கள்.

கூகுள் ஃபார்மில் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்கு அனுப்பும் வசதி, ஒரே பதிலைத் தேர்வு செய்யும் கேள்விக்கும் டிராப்டவுனுக்கும் மட்டும்தான் உண்டு. பல பதில்களை டிக் செய்யும் கேள்விக்கு இல்லை. அதனால் மீன் வாங்காதவர்களைப் பிரிக்கும் கேள்வி மேலே சொன்னது போல ஒற்றைப் பதிலாக இருக்கட்டும். மீன் பெயர்ப் பட்டியலில் வரிசையைக் கலைத்துவிடும் வசதியைப் போடுங்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கும் வஞ்சிரத்துக்குத்தான் ஓட்டு விழும். ஆனால் "இவற்றில் எதுவும் இல்லை" என்பதும் சேர்ந்து கலைந்து நடுவில் போய் நிற்கும். அதற்குப் பதில் "மற்றவை" என்ற தயார் விருப்பத்தைச் சேர்த்தால் அது கடைசியிலேயே இருக்கும். கட்டம் கட்டமாக வரும் கேள்விகள் வேண்டாம், செல்போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கானாங்கெளுத்தி என்று போடும் இடத்தில், தெற்கிலிருந்து வந்தவர்களுக்காக அயிலை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வான் வெஸ்டென்டார்ப் என்பவர் 1976-ல் வகுத்த நான்கு கேள்வி முறை இந்தத் தொழிலுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரே ஒரு பொருளை வைத்துக் கேளுங்கள், உதாரணமாகச் சுத்தம் செய்து வெட்டிய அரை கிலோ சங்கரா. எந்த விலைக்கு மேல் போனால் வாங்கவே மாட்டீர்கள்? எந்த விலை அதிகம்தான், ஆனாலும் யோசித்து வாங்கலாம்? எந்த விலை நல்ல விலை? எந்த விலைக்குக் கீழே போனால் மீன் பழசோ என்று சந்தேகம் வரும்? மீன் விஷயத்தில் நான்காவது கேள்விதான் உயிர். எடை வெட்டுவதற்கு முன்பா, வெட்டிய பிறகா என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். தலை, குடல், செதில் போனால் எடை நன்றாகவே குறையும். ஆளுக்கொரு எடையை மனதில் வைத்துச் சொன்ன விலைகளை ஒன்றாகச் சேர்க்க முடியாது.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். மக்கள் சொல்லும் விலையும் ஏறியே இருக்கும். புரட்டாசியில் கேட்டால் "கடந்த 7 நாட்களில்" என்பதைத் தொடுபவர்கள் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. ஆண்டு முழுவதற்கும் திட்டம் போடுவதானால் இந்த இரண்டு காலத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

எத்தனை பேர்? 95 சதவீத நம்பிக்கை அளவில் (இப்படி 100 தடவை சர்வே எடுத்தால் ஏறக்குறைய 95 தடவை) 100 பேர் என்றால், வரும் சதவீதம் உண்மையிலிருந்து ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளிக்குள் முன்பின்னாக இருக்கும், 400 பேர் என்றால் 5. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு, ஏரியாவில் உள்ள எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால்தான் செல்லும். சொந்தக்காரர்கள், காலேஜ் வாட்ஸ்அப் குரூப் என்று லிங்க்கை ஃபார்வர்டு செய்து 2,000 பதில் வாங்கினாலும் அது ஒரு வட்டத்தின் கருத்துதான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழின் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். வந்த பதில்கள் ஏராளம், வந்தவர்கள் நாட்டின் சரியான கலவை இல்லை.

அதனால் ஏரியாவுக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை என்று முன்கூட்டியே ஒதுக்கீடு வையுங்கள். 3 ஏரியாவுக்குத் தலா 100 என்பது நல்ல தொடக்கம். சௌகார்பேட்டை போலச் சைவக் குடும்பங்கள் அதிகமுள்ள தெருக்களையும் வியாசர்பாடியையும் ஒரே கணக்கில் கொட்டினால் வரும் சராசரி எந்தத் தெருவுக்கும் பொருந்தாது. அப்பார்ட்மென்ட் குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப், மளிகைக் கடையில் ஒட்டும் கியூஆர் என்று ஒவ்வொரு வழிக்கும் ஃபார்மைத் தனியாக நகல் எடுத்துத் தனி லிங்க் கொடுங்கள். எங்கிருந்து எந்த மாதிரி பதில் வருகிறது என்று பிறகு தெரியும். வீட்டில் மீனைப் பார்த்து வாங்கும் ஐம்பது, அறுபது வயது அம்மாக்கள் லிங்க்கைத் தொட மாட்டார்கள். அவர்களிடம் ஒருவர் நேரில் போய்க் கேட்டு, அதே ஃபார்மில் போட்டால்தான் உண்டு.

பதில் சொல்கிற எல்லோருக்கும் செல்போன் ரீசார்ஜ் பரிசு என்று அறிவிக்காதீர்கள், ஒரே ஆள் பத்து தடவை போடுவார். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். அங்கேயே பலர் வெளியேறுவார்கள். போன் நம்பர் வேண்டுமென்றால், முடிந்ததும் வரும் நன்றிச் செய்தியில் இரண்டாவது ஃபார்மின் லிங்க் வைத்து, எதற்காக வாங்குகிறோம் என்று எழுதிச் சம்மதத்துடன் வாங்குங்கள். தனிநபர் தரவுக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

அனுப்பும் முன் ஐந்தாறு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வியை வாய்விட்டுப் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் படிக்கிறார்களோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். பதில்கள் வந்த பிறகு, நல்ல விலை என்று ஒருவர் எழுதியது, வாங்கவே மாட்டேன் என்று அவரே எழுதிய விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த வரிசையை நீக்குங்கள். எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பதை கூகுள் ஃபார்ம் காட்டாது. அவசரமாக அழுத்தியவர்களை இப்படி முரண்பாட்டை வைத்துத்தான் பிடிக்க முடியும். ஏதாவது ஒரு பிரிவில் 30 பேருக்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடாமல் எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக, நம்பர் கொடுத்தவர்களுக்கு உண்மையான விலைப் பட்டியலை வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஞாயிறு டெலிவரிக்கு 100 ரூபாய் முன்பணம் யுபிஐ-யில் கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் பணம் போட்டார்கள் என்பதை ஏரியாவாரியாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்து முதல் ஞாயிற்றுக்கு எத்தனை கிலோ எடுப்பது என்று முடிவு செய்யலாம்.