பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்தால்

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. 6 ஆண்டுகளாக மேல் தாடைக்கு முழு பல்செட், தூங்கும்போதும் கழற்றுவதில்லை. இப்போது அண்ணம் சிவந்து, காரம் பட்டால் எரிகிறது. வாயோரமும் வெடித்திருக்கிறது. புது செட் கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு அளவு கொடுக்காதீர்கள். வீங்கிய அண்ணத்தில் அளவெடுத்துச் செய்தால், வீக்கம் வற்றியதும் புது செட்டும் ஆடும். முதலில் புண் ஆறட்டும்.

செட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு, செட்டின் விளிம்போடு கோடு போட்டதுபோல் நின்றால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சைதான். செட் செய்யப்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துளைகளில் அது குடியேறும். ராத்திரியும் செட் மூடியிருந்தால் அங்கே எச்சில் புழங்காது. சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

இன்றிரவு முதல் செட் வாயில் இருக்கக் கூடாது. மென்மையான பிரஷ்ஷில் கை கழுவும் திரவ சோப்பு விட்டுத் தேய்க்க வேண்டும். அண்ணத்தைத் தொடும் உள்பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பற்பசை வேண்டாம், கீறல் விழும். கீறலில் அழுக்கு தங்கும். கொதிநீரில் செட் நெளிந்துவிடும். கைதவறினால் உடையாமலிருக்க, வாஷ்பேசினில் பாதி தண்ணீர் பிடித்துக்கொண்டு கழுவுங்கள். பிறகு 0.2% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தில் 15 நிமிடம், தினம் இருவேளை ஊறவைத்து அலசுங்கள். இரவு முழுக்க வெறும் தண்ணீரில் கிடக்கட்டும். அண்ணத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பூஞ்சை மருந்தைப் பல் மருத்துவர் எழுதித் தருவார். வாய்க்கு மட்டும் மருந்து போட்டு செட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டால் திரும்ப வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: பூஞ்சைக்குப் போடும் மைக்கோனசோல் ஜெல்லோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவ வேண்டாம்.

வாயோர வெடிப்பும் பெரும்பாலும் இதே தொற்றுதான். பழைய செட்டின் பற்கள் தேய்ந்துபோனால் தாடை அளவுக்கு மீறி மூடி, ஓரத்தில் எச்சில் தேங்கும், வெடிப்பு ஆறாது. ஆகவே புண் ஆறிய பின் புது செட் தேவைப்படலாம். பற்கள் நன்றாக இருந்து, எலும்பு கரைந்ததால் ஆட்டம் மட்டும் என்றால், உள்பக்கம் புது அக்ரிலிக் ஏற்றி இறுக்கினாலே போதும், செலவும் குறைவு.

2 வாரத்துக்குப் பிறகும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், அதிலும் வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவராக இருந்தால், வாய்ப்புற்று இல்லையென்று உறுதிசெய்துகொள்ளாமல் புது செட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.