டாக்டருக்குத் துணை நிற்கும் கம்ப்யூட்டர்: டெல்லித் தமிழர்களின் கேள்விகள்

நோயைக் கணிப்பது, மருந்து எழுதும்போது எச்சரிப்பது என்று டாக்டருக்கு யோசனை சொல்லும் மென்பொருள்களை எப்படி எடைபோடுவது? பல வருடமாக இதே வேலையில் இருப்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சரி, ஆரம்பிப்போம்.

மேடம், எங்கள் மென்பொருள் செப்சிஸை (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) 95 சதவீதம் துல்லியமாகக் கணிக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரிகள் வாங்கத் தயங்குகின்றன. ஏன்? (நொய்டா, மென்பொருள் பொறியாளர்)

தயங்கட்டும், நல்லதுதான். நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் செப்சிஸ் என்று வையுங்கள். எல்லோருக்கும் 'இல்லை' என்று சொன்னாலே 97 வந்துவிடும், உங்களுடையதைவிட இரண்டு கூடுதல்! நோய் வந்தவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, எத்தனை முறை சும்மா கூவியது, டாக்டருக்கே தெரிவதற்கு முன்னால் சொன்னதா, இதையெல்லாம் காட்டுங்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடிய, எபிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது கோட்டைவிட்டிருந்தது.

சோதிப்பது யார் என்பதும் முக்கியம். 2005-இல் 100 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மென்பொருளை உருவாக்கியவர்களே நடத்திய ஆய்வுகளில் 74 சதவீதம் டாக்டர்களின் செயல்பாடு மேம்பட்டதாகச் சொல்லின. மற்றவர்கள் நடத்தியவற்றில் வெறும் 28. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திய கதைதான்.

அக்கா, மருந்து எழுத உட்கார்ந்தால் அலர்ட் மேல் அலர்ட். படிக்காமலே மூடிவிடுகிறேன். தப்பா? (முனிர்கா, பயிற்சி மருத்துவர்)

எல்லோரும் செய்வதுதான் தம்பி. 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி மருந்துப் பாதுகாப்பு அலர்ட்டுகளில் 49 முதல் 96 சதவீதம் வரை ஒதுக்கப்படுகின்றன. அதற்காக 'மூடவே முடியாதபடி செய்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் உஷார். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினையும், அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் ஒரு சல்ஃபா ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து எழுதவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள், 2010-இல் வெளியான ஆய்வு. தடை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நான்கு பேருக்குத் தேவையான மருந்து தாமதமாகி, ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எத்தனை அலர்ட் மூடப்பட்டது என்று மட்டும் எண்ணாமல், மூடியது நியாயமா என்று சில கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இவை பலன் தந்திருக்கின்றனவா? (பொதுச் சுகாதார மாணவி)

கலவையான பதில்தான். ஹரியானா, கர்நாடகா சமுதாய சுகாதார மையங்கள் 40-இல் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு யோசனை சொல்லும் 'எம்வெல்கேர்' என்ற டேப்லெட் கம்ப்யூட்டர் மென்பொருளைச் சோதித்தார்கள். அது இல்லாத மையங்களிலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதே அளவுக்குக் குறைந்தன. ஆனால் இந்தியா, பாகிஸ்தானில் பத்து நீரிழிவு கிளினிக்குகளில் நடந்த 'கார்ஸ்' ஆய்வில், சர்க்கரையோடு ரத்த அழுத்தம் அல்லது கொழுப்பிலும் இலக்கை எட்டியவர்கள் 18 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 8. அங்கே மென்பொருளோடு, நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளரும் இருந்தார். பலனில் பாதிக்குமேல் அவருடையது என்பது என் ஊகம்.

டாக்டரம்மா, எங்கள் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் மாத்திரை எழுதுகிறார். நம்பலாமா? (ஆர்.கே.புரம் மாமி)

தாராளமாக, மாமி. அது யோசனைதான் சொல்லும், எழுதுவது அவர். ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள் அதில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதியாததை அது எச்சரிக்காது.