இடித்தது அவர், கிளெய்ம் யார் பாலிசியில்?

கேள்வி: சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. தப்பு முழுக்க அவர்மேல்தான். அவருடைய இன்சூரன்ஸிலிருந்து பணம் வாங்க முடியுமா? என் பாலிசியில் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

சட்டப்படி வாங்கலாம். ஆனால் காருக்கு மட்டும்தான் அடி என்றால், கடைசியில் உங்கள் பாலிசியில்தான் போட வேண்டியிருக்கும். போனஸும் போகும். கடுப்பாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கோவை அவிநாசி சாலையில் சிக்னலில் நின்ற என் காரின் பின்னால் ஒரு லோடு வண்டி வந்து மோதியது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, "என் மேல தப்பே இல்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எதிர்முனையில் பேசிய பெண் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. பாலிசி எண், ஓட்டியவரின் லைசென்ஸ், வண்டி இப்போது எங்கே நிற்கிறது, இவ்வளவுதான் கேட்டார்.

அவர் கேட்காததற்குக் காரணம் உண்டு. நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்கிற பாலிசிக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று தேர்ட் பார்ட்டி, நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு. இன்னொன்று ஓன் டேமேஜ், நம் வண்டிக்கு. இந்த இரண்டாவது பகுதியில் பணம் கொடுக்க, யார் மேல் தப்பு என்பதே தேவையில்லை. நீங்களே சுவரில் போய் இடித்திருந்தாலும் கொடுப்பார்கள். போனஸும் அதே கணக்குதான். கம்பெனியிடம் பணம் கேட்காத வருடங்களுக்குத் தருகிற தள்ளுபடி அது. ஒரு முறை கேட்டுவிட்டால், எதற்காகக் கேட்டீர்கள் என்று பார்க்காமல் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

சரி, இடித்தவரின் தேர்ட் பார்ட்டி எதற்கு இருக்கிறது? தனியார் கார்களுக்கு அதில் பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை பாதுகாப்பு உண்டு (பிரீமியம் குறைய வேண்டுமென்று அதை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்து வாங்கவும் வழி இருக்கிறது). ஆனால் அவருடைய கம்பெனிக்கு நீங்கள் ஒரு மெயில் அனுப்பியவுடன் காசு வந்துவிடாது. எஃப்.ஐ.ஆர். வேண்டும், வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், வக்கீல் வேண்டும், வாய்தாவுக்குப் போக வேண்டும். முதல் படியிலேயே சறுக்கும். ஸ்டேஷனில் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "யாருக்கும் அடி இல்லையில்ல? பேசி முடிச்சுக்கங்க" என்பார். ரொம்ப வற்புறுத்தினால் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. முப்பதாயிரம் ரூபாய் பம்பருக்காக இத்தனையும் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. பின்னால் பெரிய சேதம், கையில் ஓன் டேமேஜ் இல்லாத வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் மட்டும் அந்த வழியை யோசிக்கலாம்.

ஆகவே கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். முதலில், போனஸ் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், மொத்த பிரீமியத்துக்கு இல்லை. வருடத்துக்கு வருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். உதாரணத்துக்கு, தள்ளுபடி இல்லாமல் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருந்தால் நீங்கள் கட்டுவது 6,000. கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் முழு 12,000. அதற்கடுத்து 9,600, 9,000, 7,800, 6,600, அப்புறம்தான் மறுபடி 6,000. கூடுதலாகப் போவது மொத்தம் 15,000. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போகும். கம்பெனி உங்களுக்குத் தரப்போகும் தொகை இதைவிட நல்ல அளவு அதிகம் என்றால் கிளெய்ம் போடுங்கள். இல்லையென்றால் கைக்காசு போட்டுச் சரிசெய்வது லாபம். கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கிற என்.சி.பி. புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம், பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

'தரப்போகும் தொகை' என்றுதான் சொன்னேன், பில் தொகை என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பேனாவால் எழுதிக்கொண்டே போனார். பம்பர் பிளாஸ்டிக், விலையில் பாதிதான் தருவார்கள். டிக்கி கதவு இரும்பு, வண்டிக்கு நாலாவது வருடம் நடக்கிறது, பழசானதற்காக 25 சதவீதம் கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. பெயிண்டில் பொருள் செலவுக்குப் பாதி. எல்லாம் போக, 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கழிவுகள் பெரும்பாலும் வராது. ஒன்று கவனியுங்கள்: பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருக்கும் சப்போர்ட் வளைந்திருப்பது தெரியும். அப்படித் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு சர்வேயரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

இடித்தவர் அங்கேயே காசு கொடுத்து முடிக்கிறேன் என்றால்? சின்ன சேதத்துக்கு அதுதான் நல்ல வழி. மெக்கானிக்குக்குப் போட்டோ அனுப்பி உத்தேசமாக ஒரு தொகை கேட்டுவிட்டு, ஜிபேயில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 'நாளைக்கு அனுப்புறேங்க' என்பதை நம்ப வேண்டாம். ஆனால் அவரிடம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் கம்பெனியிலும் கிளெய்ம் போடலாம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போகிறது. அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்து எழுதித் தந்துவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும்.

இதுவரை சொன்னதெல்லாம் தகரத்துக்கு. உடம்பில் அடி என்றால் கதையே வேறு. ஓன் டேமேஜ் பகுதி ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்காது. உரிமையாளரே ஓட்டினால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் இடித்தவரின் தேர்ட் பார்ட்டியிலிருந்து, தீர்ப்பாயம் வழியாக வர வேண்டியவை. அங்கே எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வேலை நடக்காது, பேசி முடித்துக்கொள்ளவும் கூடாது. பின்னாலிருந்து இடித்தால் கழுத்து வலி சில சமயம் அடுத்த நாள்தான் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி, சாலை விபத்து என்றே பதியச் சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மனு போட, 2019 திருத்தச் சட்டப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான்.