போகிமான் தொடக்க டெக்கை வலுவாக்குவது எப்படி?

காட்பாடியில் மகனுக்குப் போகிமான் கார்டு விளையாட்டின் தொடக்க டெக் (விளையாடத் தயாராக வரும் கார்டுக் கட்டு) வாங்கித் தந்துவிட்டு, அடுத்து பூஸ்டர் பாக்கெட் (உள்ளே என்ன கார்டு என்று தெரியாத மூடிய பாக்கெட்) வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பாக்கெட்டில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அந்தக் காசில் தேவையான கார்டுகளைத் தனித்தனியாக வாங்குங்கள்.

டெக்கில் 60 கார்டுகள். தாக்கச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுகளைத் தவிர, ஒரே பெயரில் 4 வரை வைக்கலாம். தொடக்க டெக்குகளிலோ பல கார்டுகள் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதனால் வேண்டிய நேரத்தில் வேண்டியது கைக்கு வராது. தாக்குவதற்கு ஒரு போகிமானை முடிவு செய்யுங்கள். அதற்கு உதவாததையெல்லாம் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் தேடித் தரும் கார்டுகள் வரட்டும். கையிலுள்ள வேறு 2 கார்டுகளைக் கழித்தால், அல்ட்ரா பால் என்ற கார்டு டெக்கிலிருந்து எந்தப் போகிமானையும் எடுத்துத் தரும். புரொபசர்ஸ் ரிசர்ச் இருந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் புதிதாக 7 கார்டு எடுக்கலாம். கை வறண்டுபோன நேரத்தில் இதைப்போல் காப்பாற்றும் கார்டு அரிது. ஆனால் சப்போர்ட்டர் வகை என்பதால் ஒரு டர்னுக்கு ஒன்றுதான்.

அப்புறம், வேலூரிலும் பொம்மைக் கடைகளில் தங்க நிறத்தில் மின்னும் கார்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள், அவை பெரும்பாலும் போலி. வீட்டில் விளையாடலாம், போட்டியில் ஏற்கமாட்டார்கள். சென்னைப் பக்கம் போட்டிக்கு அழைத்துப் போவதென்றால், கார்டின் கீழ் இடது மூலையில் உள்ள எழுத்து அந்த ஆண்டு செல்லுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.