சுரங்கத்துக்குள் வந்த முதல் இன்ஸ்பெக்டர்கள்: கேள்வி பதில்

ஜார்க்கண்ட் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிப்பது என் பொழுதுபோக்கு. வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். பிரிட்டனில் சுரங்கப் பாதுகாப்புச் சோதனை எப்படித் தொடங்கியது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் 1800க்கும் 1872க்கும் இடைப்பட்ட கதை.

காவிரிக்கரை: சார், சட்டம் வருவதற்கு முன்னால் யாராவது சுரங்கத்தைச் சோதித்தார்களா? இல்லை, கடவுள் விட்ட வழி என்று இறங்கிவிடுவார்களா?

சோதித்தார்கள். அரசாங்கம்தான் எட்டிப் பார்க்கவில்லை. நியூகாசில் பக்கத்துப் பெரிய சுரங்கங்களில் 'வியூவர்' என்று ஒருவர் இருப்பார். இன்றைய மேனேஜரும் எஞ்சினியரும் சேர்ந்த ஆள். ஜான் பட்டில் அந்த வரிசையில் பெரிய பெயர். காற்றை ஒரே நீண்ட பாதையில் சுற்றவிடாமல் கிளை கிளையாகப் பிரித்து அனுப்பும் முறையை வளர்த்தவர் அவர். வியூவருக்குக் கீழே 'டெபுட்டி' அல்லது 'ஃபயர்மேன்'. நம் சுரங்கங்களில் மைனிங் சர்தார் பார்க்கிற வேலைதான். ஷிப்ட் ஆட்கள் இறங்குவதற்கு முன்பே போய், கரி வெட்டும் ஒவ்வொரு முகப்பிலும் வாயு நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கருவி என்ன தெரியுமா? மெழுகுவர்த்தி. திரியைக் கத்தரித்து, சுடரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கூரையை நோக்கி உயர்த்துவார். அந்த வாயு மீத்தேன். காற்றைவிட லேசானது, கூரையடியில் போய்த் தங்கும். சுடரின் தலையில் வெளிர்நீலமாக ஒரு தொப்பி தெரிந்தால் வாயு இருக்கிறது என்று அர்த்தம். தொப்பி நீள நீள வாயு அதிகம். காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை இருந்தால் தீப்பட்டதும் வெடிக்கும். அதாவது வாயுவைக் கண்டுபிடிக்கிற கருவியே அதைக் கொளுத்தவும் கூடியது. கை நடுங்காத ஆளாகப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

இதைவிடப் பழைய முறை ஒன்று உண்டு. ஒரு ஆள் நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு தரையோடு தரையாக ஊர்ந்து போய், நீண்ட கழியின் நுனியில் தீயை வைத்து, தேங்கிய வாயுவை வேண்டுமென்றே எரித்துவிடுவார். தலையை மூடிய அந்தக் கோலத்தைப் பார்த்து பிரான்சில் அவருக்குப் 'பாவமன்னிப்புத் தேடுபவர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மழைச்சாரல்: கூண்டில் கேனரி குருவி கொண்டுபோவார்களே, அது அந்தக் காலம்தானா?

இல்லை. கேனரி ரொம்பப் பிற்பாடு வந்தது. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் சொன்ன யோசனை அது. அதுவும் மீத்தேனுக்காக அல்ல, வெடிப்புக்குப் பின் பரவும் கார்பன் மோனாக்சைடுக்காக.

பட்டறைப் பையன்: அண்ணே, டேவி விளக்கு வந்ததும் பிரச்சினை தீர்ந்ததென்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே?

நானும் அப்படித்தான் படித்தேன், தம்பி. 1812 மே 25 அன்று ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் செத்தார்கள். அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன் நடந்ததை எழுதி வெளியிட்டார். விபத்துத் தடுப்புக்கென்று சண்டர்லேண்டில் ஒரு சங்கம் உருவானது. அவர்கள் அழைத்ததால்தான் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி இதில் கைவைத்தார். சுடரைச் சுற்றிக் கம்பிவலை. அங்குலத்துக்கு 28 கண்கள், அப்படியானால் சதுர அங்குலத்துக்கு 784. வலை வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் உள்ளே எரிகிற வாயு வெளியே இருப்பதைப் பற்றவைக்காது. 1816 தொடக்கத்தில் சுரங்கத்துக்குள் சோதித்துப் பார்த்தார்கள். அதே சமயத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியாக ஒரு விளக்கு செய்திருந்தார். யார் முதல் என்று இருவருக்கும் நடந்த சண்டை தனிக் கதை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1835இல் நாடாளுமன்றக் குழு ஒன்று எண்ணிப் பார்த்தது. டர்ஹம், நார்தம்பர்லேண்ட் இரண்டு மாவட்டங்களிலும் விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் செத்தவர்கள் 447 பேர். வந்த பிறகு 18 ஆண்டுகளில் 538 பேர். நிலக்கரி உற்பத்தியும் ஆட்களும் பெருகியது ஒரு காரணம்தான். ஆனால் வாயு அதிகம் என்று முன்பு மூடிப்போட்ட பகுதிகளையெல்லாம், "அதான் விளக்கு இருக்கிறதே" என்று திறந்துவிட்டார்கள். வேகமான காற்றோட்டத்தில் சுடர் வலையைத் தாண்டிவிடும். வெளிச்சம் போதாமல் ஆட்களே வலையைக் கழற்றுவதும் உண்டு. காற்றோட்டத்துக்குச் செய்ய வேண்டிய செலவை ஒரு விளக்கின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் கருத்து.

தமிழ்மொட்டு: அரசாங்கம் அனுப்பிய முதல் இன்ஸ்பெக்டர் யார், ஐயா? அவர் என்ன செய்தார்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1838 ஜூலை 4. யார்க்ஷயரில் சில்க்ஸ்டோன் பக்கம் ஹஸ்கர் சுரங்கம். பெருமழையில், ஆட்களை மேலே தூக்கும் எஞ்சின் நின்றுபோனதால் உள்ளே இருந்த பிள்ளைகளில் பலர் சரிவுப்பாதை வழியே வெளியேற முயன்றார்கள். ஓடை பொங்கி அந்தப் பாதைக்குள்ளேயே பாய்ந்தது. பின்னால் காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் காற்றுக் கதவு மூடியிருந்தது. அந்தக் கதவோடு அழுத்தப்பட்டு 26 பேர் மூழ்கிச் செத்தார்கள். வயது 7 முதல் 17 வரை.

அந்தக் கதவுகளைத் திறந்து மூடுவதே சின்னப் பிள்ளைகளின் வேலை. 1842இல் வந்த விசாரணை அறிக்கையில் சாரா கூடர் என்ற 8 வயதுப் பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு இறங்கி மாலை ஐந்துக்கு மேலே வருவாள். விளக்கு கிடையாது. வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவேன், இருட்டில் பாடத் துணிவு வராது என்கிறாள். அந்த ஒரு வரிக்காகவே அறிக்கையை இரண்டு முறை படித்தேன்.

அறிக்கையில் படங்களும் இருந்ததால் லண்டன் கலங்கிப்போனது. பெண்களும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று அந்த ஆண்டே ஆஷ்லி பிரபு சட்டம் கொண்டுவந்தார். நாடு முழுவதற்கும் ஒரே ஒரு இன்ஸ்பெக்டர்: ஹியூ சீமோர் டிரெமென்ஹீர், வக்கீல். முன்பு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர். கூரை, காற்று, கயிறு இதையெல்லாம் சோதிப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. சுரங்க ஊர்களின் நிலைமை, பள்ளிகள், தொழிலாளர் வாழ்க்கை பற்றி அறிக்கைகள் எழுதினார். தடைக்குப் பிறகும் சில இடங்களில் பெண்கள் ஆண் உடுப்பில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்கே எதிர்ப்பு. லண்டன்டெரி பிரபு பெரிய சுரங்க முதலாளி. இன்ஸ்பெக்டர் என்று எவராவது தன் சுரங்கத்துக்கு வந்தால், 'முடிந்தபடி நீங்களே இறங்கிக்கொள்ளுங்கள், இறங்கினால் அங்கேயே இருங்கள்' என்பேன் என்று பிரபுக்கள் சபையிலேயே பேசினார்.

அறிவியல் ஆசிரியை: மைக்கேல் ஃபாரடே சுரங்க விபத்து ஒன்றை விசாரித்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான் டீச்சர், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1844 செப்டம்பர் 28, டர்ஹம் மாவட்டத்து ஹாஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் பலி. தொழிலாளர் தரப்பு வக்கீல் டபிள்யூ. பி. ராபர்ட்ஸ் விடாமல் வற்புறுத்தவே, அரசாங்கம் ஃபாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லயலையும் அனுப்பியது. ஃபாரடே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ததைப் பார்த்து லயலே அசந்துபோனார்.

உள்ளே போனபோது காற்றின் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று ஃபாரடே கேட்டார். சோதிப்பவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை, ஆமாம், வெடிமருந்தைத்தான், மெழுகுவர்த்திச் சுடர் வழியே உதிர்த்தார். அந்தப் புகை இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கூட இருந்தவர் கடிகாரம் பார்த்தார். சரி, அந்த மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார் ஃபாரடே. பையில் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறோம். பை எங்கே? நீங்கள் உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான். விருந்தாளிக்கு மெத்தென்று இருக்கட்டுமே என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதுவும் எரியும் மெழுகுவர்த்திகளுக்கு நடுவில்.

அவர்கள் கண்டதில் முக்கியமானது நிலக்கரித் தூசி. கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகளின் மேல் வெந்து கட்டியாகிப் படிந்திருந்த தூசியைப் பார்த்து, வாயு மட்டும் எரியவில்லை, தூசியும் சேர்ந்து எரிந்து வெடிப்பைப் பெருக்கியிருக்கிறது என்று எழுதினார்கள். கரி எடுத்த பின் விட்டுவிடும் காலியிடத்தில், நாங்கள் கோஃப் என்போம், தேங்கும் வாயுவைக் குழாய் வழியே இழுக்கச் சொன்னார்கள். நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள் முதலாளிகள். தீர்ப்பு: தற்செயல் மரணம். தூசி விஷயத்தை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

சட்டக் கல்லூரி மாணவி: உண்மையான சோதனை எப்போது தொடங்கியது? இன்ஸ்பெக்டரால் சுரங்கத்தை மூட முடிந்ததா?

1850இல். அந்தச் சட்டத்தின் கீழ் நாலு பேரை நியமித்தார்கள்: ஜோசப் டிக்கின்சன், மத்தையாஸ் டன், சார்ல்ஸ் மார்ட்டன், கென்யன் பிளாக்வெல். சுரங்கம் தெரிந்தவர்கள். பகலோ இரவோ உள்ளே நுழையலாம், வரைபடம் கேட்கலாம். சாவு நேர்ந்தால் முதலாளி 24 மணி நேரத்துக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் இரண்டாம் கேள்விதான் விஷயத்தின் உயிர். முடியாது. ஆபத்து தெரிந்தால் முதலாளிக்கு எழுத்தில் சொல்லலாம். கேட்காவிட்டால் அமைச்சருக்கு எழுதலாம். கண் கொடுத்தார்கள், கை கொடுக்கவில்லை. 1855இல் எல்லாச் சுரங்கத்துக்கும் 7 பொது விதிகள் வந்தன: போதிய காற்றோட்டம், குழிக்கு வேலி, சைகை முறை, பாய்லருக்கு அளவுமானி, இப்படி. மீறினால் முதலாளிக்கு அபராதம். விதியை மீறிய தொழிலாளிக்கோ அபராதம் அல்லது சிறை. சட்டம் படிக்கிறவர் நீங்கள், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நன்மை உண்டு. சாவுகளை எண்ணத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 பேர். பத்திரிகையில் வருவது வெடிப்புதான். ஆனால் அதிகம் கொன்றது கூரையும் பக்கச் சுவரும் சரிவது. ஒருவர், இருவராகச் செத்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

சந்தேகப் பிராணி: இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட மாட்டார்களா?

மாட்டார்களா என்ன! கீழே போக ஒரே வழி, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு. அதை இயக்குபவர் கம்பெனி ஆள். இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறுவதற்குள் செய்தி கீழே போய்விடும். என் காலத்திலேயே, நான் வேலை பார்த்த ஒரு சுரங்கத்தில், இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய இரவு, கரித்தூசி தீப்பற்றாமல் இருக்க எப்போதும் தூவ வேண்டிய சுண்ணாம்புக்கல் தூளைப் பாதை முழுக்கத் தூவுவோம். விடிந்ததும் கல்யாண வீடு மாதிரி வெள்ளையாக இருக்கும். நானும் தூவியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

நெடுஞ்சாலை: ஒரு சுரங்கத்துக்கு இரண்டு வாசல் வேண்டும் என்ற விதி எப்படி வந்தது?

204 பேர் செத்து வந்தது. ஹார்ட்லி சுரங்கம், 1862 ஜனவரி 16. ஏறத்தாழ 12 அடி அகலத்தில் ஒரே குழி, நடுவில் மரத் தடுப்பு. ஒரு பக்கம் காற்று இறங்கும், மறு பக்கம் ஏறும், ஆளும் கரியும் தண்ணீர்ப் பம்பும் எல்லாம் அதே வழி. பம்ப் எஞ்சினின் 42 டன் இரும்பு உத்தரம் முறிந்து, பாதி குழிக்குள் விழுந்து, வழியை அடைத்துவிட்டது. தோண்டிப் போய்ச் சேர ஆறு நாள் ஆனது. நச்சுவாயுவில் எல்லாரும் முடிந்திருந்தார்கள். அந்த ஆண்டே இரண்டு வழி கட்டாயமானது. போதிய குழிகள் இல்லாததை சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க் குழு ஒன்று 1843 அறிக்கையிலேயே குறை சொல்லியிருந்தது. இடைவெளி 19 ஆண்டு.

கேஜிஎஃப் பேரன்: என் தாத்தா கோலார் தங்க வயலில் இருந்தவர். நம் நாட்டில் இது எப்போது வந்தது, ஐயா?

கோலாரில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள், உங்கள் தாத்தாவும் அறிந்திருப்பார். 1897இல் அங்கே ஒரு விபத்தில் 52 பேர் பலி. 1899இல் பலுசிஸ்தானத்துக் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். 1901இல் சுரங்கச் சட்டம் வந்தது. 1902இல் கல்கத்தாவில் தொடங்கிய சோதனை அலுவலகம்தான் இன்று தன்பாத்தில் இருக்கிறது.

காவிரிக்கரை: இன்னொன்று, சார். டெபுட்டி உண்மையிலேயே போய்ப் பார்த்தாரா என்று எப்படித் தெரியும்?

சாக்பீஸ். சோதித்த முகப்பில் தேதியையும் தன் பெயரின் முதலெழுத்தையும் எழுதிவிட்டு வர வேண்டும். ஆட்கள் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார்கள். 1872 சட்டத்தில் தொழிலாளர்களுக்கே ஒரு உரிமை கிடைத்தது: தங்களில் இருவரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் செலவில், மாதம் ஒரு முறை சுரங்கத்தைப் பார்வையிடச் செய்யலாம். அதுவரை டெபுட்டியின் எழுத்தை நம்ப வேண்டியதுதான்.

எங்கள் காலத்திலும் சாக்பீஸ்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை காலை முகப்புக்குப் போய்ப் பார்த்தேன். அன்றைய தேதி எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், செவ்வாய்க்கிழமைத் தேதியும் எழுதியிருந்தது.